மதியம் இரண்டு மணிக்குப் பார்த்த நிலம்

ஆரணிக்கு நான் இரண்டாவது முறை போனது பட்டுப்புடவைக்காக இல்லை. ஒரு பூங்காவின் திறப்பு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த ஊர் பஸ் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று எழுதிக்கொண்டிருக்கிறவள் கையில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைக் கொடுப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்? போன மாதம் ஒரு சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன். மறுநாளே எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. ஆபீசில் வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் உண்மைக் காரணம் வெட்கம்.

புதிதாக வந்தவர்களுக்குப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் தாம்பரத்தில் ஒரு தனியார் நகரமைப்பு ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மனைப்பிரிவு வரைபடம், கட்டட அனுமதி, நிலப் பயன்பாட்டு மாற்றம், இதெல்லாம் பகல் பிழைப்பு. லீவு நாளில் ஊர் சுற்றுவேன். இந்த வருடத் தொடக்கத்தில் அக்கா பெண்ணின் கல்யாணப் புடவைக்காக ஆரணி போனோம். புடவை எடுத்து முடித்த பிறகு ஆட்டோக்காரர் அக்பர், களம்பூர் ரோட்டில் புது மனைகள் விற்பனைக்கு இருக்கின்றன, சும்மா பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஒரு நகருக்குள் வண்டியை விட்டார். அந்த நகரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அப்போது மணி இரண்டு. வெயிலில் தெருநாய்கூட வெளியே இல்லை.

உள்ளே நீளவாக்கில் ஒரு காலி இடம் இருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ என்று ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதை ஓ.எஸ்.ஆர். என்று சொல்வோம். மனை விற்கிறவர்கள் அதில் கோயில் கட்டுவார்கள், தண்ணீர் டேங்க் வைப்பார்கள், விட்டால் இரண்டு மனை சேர்த்து விற்றும் விடுவார்கள். ஆகவே காலி இடத்தைப் பார்த்தால் என் கண் நேரே ஓரங்களுக்குத்தான் போகும். இந்த இடத்தின் இரண்டு கோடியிலும் இரண்டிரண்டு கருங்கல் கால்கள் ஆழமாக நட்டிருந்தன. நிலத்தை வளைக்கிறவன் முதலில் செய்கிற வேலை கல் நடுவது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? இறங்கி நான்கு படம் எடுத்தேன்.

அக்பர் அப்போது, காலையில் வந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஏதோ சொன்னார். ஊர்ப்பெருமை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

சென்னை வந்ததும் எழுதிய பதிவு உங்களில் பலர் படித்ததுதான். மனை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் என்று மனைப்பிரிவு, பக்கத் திறவிடம், தளப்பரப்புக் குறியீடு, நிலப் பயன்பாடு, வரன்முறை, ஆக்கிரமிப்பு எல்லாவற்றையும் விளக்கி, நடுவில் அந்தக் கல் கால்களின் படத்தைப் போட்டிருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான். அதை அந்த நகரின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஜெயராமன் அச்செடுத்து, ஊராட்சிக்குக் கொடுத்த மனுவோடு இணைத்திருக்கிறார். ஊராட்சி கல்லைப் பிடுங்கி, கம்பி வேலி அடித்து, கேட் போட்டது. உங்கள் எழுத்துதான் எங்கள் பூங்காவை மீட்டது, நீங்கள்தான் வந்து திறக்க வேண்டும் என்று போனில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வழி. சென்னை சென்ட்ரலில் காலை வண்டி பிடித்துக் காட்பாடி. இரண்டு மணி நேரம், உட்காரும் வகுப்பு முன்பதிவோடு நூற்றுப் பத்து ரூபாய். காட்பாடியிலிருந்து வேலூர் புதிய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ். அங்கிருந்து ஆரணிக்கு அடிக்கடி பஸ் உண்டு, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய். சென்னையிலிருந்து காஞ்சிபுரம், செய்யாறு வழியாக நேரடி பஸ்ஸும் இருக்கிறது. இடுப்பு வலி இல்லாதவர்களுக்கு அது வசதி.

வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. இறங்கி ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்குப் பூங்கா திறக்க என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து பேச்சுக்குக் குறிப்பு எழுதினேன். ஆறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு வரும் உதாரணம். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ் கிடைத்தது. ஏ.சி. இல்லாத அறை, எழுநூறு ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். மதியச் சாப்பாடு நூறு ரூபாய், சோறு நன்றாக இருந்தது. அரிசிக்குப் பேர்போன ஊரில் சோறு நன்றாக இல்லாவிட்டால்தான் எழுத வேண்டும். விழா நாலரை மணிக்கு. எனக்கு அறையில் உட்கார முடியவில்லை. அக்பருக்குப் போன் செய்து மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். பஸ் நிலையத்திலிருந்து அந்த நகருக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஷேர் ஆட்டோ என்றால் இருபது.

அக்பர் வழக்கமாக வாய் ஓயாத மனிதர். அன்று ஒன்றும் பேசவில்லை. நகரின் வளைவில் இறக்கிவிட்டு, சத்தம் போடாமல் காசை வாங்கிக்கொண்டார். வெயில் போல என்று நினைத்தேன்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது. நடைபாதைக்குச் சிமெண்டுக் கற்கள், ஓரமாக அரளிச் செடிகள், இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஒரு சறுக்குமரம். கேட்டுக்கு மேலே நீலப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில், "இது திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம். பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் அன்றி வேறு எதற்காக இதில் கால் வைத்தாலும் அது ஆக்கிரமிப்பே." என் வாக்கியம். என் பதிவிலிருந்து ஒரு எழுத்து மாறாமல் எடுத்து எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி ஏகாரத்தை வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் அரை மணி நேரம் யோசித்தவள் நான். பலகையோடு சேர்த்து என்னையும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னால் நின்ற பெண் பேசினார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் பால் பாத்திரம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய ஓட்டு வீட்டு வரிசையிலிருந்து வந்திருந்தார். நல்ல புடவை கட்டி, ஹேண்ட்பேக் மாட்டி, படம் எடுத்துக்கொண்டு நின்றதால் என்னை அதிகாரி என்று நினைத்துவிட்டார். அவர் பெயர் சுமதி என்பது பிறகு தெரிந்தது.

"ஆபீஸ்லேர்ந்து வந்துகிறீங்களா மேடம்? ஒரு விசயம் சொல்லணும். காலைல அஞ்சரையிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் மட்டும் இந்த கேட்டத் தொறந்து வுட சொல்லுங்க. அதுக்கு மேல எங்களுக்கு இந்த எடம் வேணாம்."

எதற்கு என்று கேட்டேன்.

"பாவு போடங்க. வேற எதுக்கு?"

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஒரு பாவு மூன்று புடவைக்கு வரும். தறியில் ஏற்றுவதற்கு முன் அதை முழு நீளத்துக்கும் விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை ஒன்று விடாமல் முடிந்து, கஞ்சி தடவிக் காயவைத்து உருளையில் சுற்ற வேண்டும். அறுபது எழுபது அடி நேர் இடம் வேண்டும், வீட்டுக்குள் முடியாது. வெயில் ஏறினால் பட்டு முறுக்கிக்கொள்ளும், காற்று எழுந்தால் இழை சிக்கும். ஆகவே விடிகிற நேரத்தில் தொடங்கி, ஊர் எழுந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இழுத்துக் கட்டுவதற்கு இரண்டு கோடியிலும் அசையாத கால் வேண்டும். கருங்கல் கால். இரண்டிரண்டு.

இதைப் படிக்கிற உங்களுக்கு எந்த இடத்தில் புரிந்ததோ தெரியாது. எனக்கு அவர் பாவு என்று சொன்ன உடனே புரிந்துவிட்டது.

இந்த மனைப்பிரிவு வருவதற்கு முன் இந்த இடம் நிலத்துக்காரர் ஒருவரின் நெற்களம். அறுவடை நாட்கள் போக மற்ற நாளெல்லாம் அந்த வரிசையில் இருக்கிற பதினோரு தறிக்காரர்களும் இங்கேதான் பாவு போட்டிருக்கிறார்கள். நிலம் கைமாறி, மனையாகி, இந்தத் துண்டு பொது இடம் என்று ஆனபோது நல்லதாகப் போயிற்று, இனி யாரும் விரட்ட மாட்டார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பொது இடம் என்றால் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருக்கிறார்கள். நினைத்ததில் என்ன தப்பு?

வேலி வந்த பிறகு எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். களம்பூர் ரோட்டு ஓரத்தில் என்றார். அந்த ரோடு நெல் லாரி ஓடுகிற ரோடு. களம்பூரில் அரிசி ஆலைகள் நிறைய, விடியற்காலையில்தான் லாரிகள் வரிசையாக வரும். ரோட்டோரத்தில் ஒரு புளியமரத்திலும் அதே ஓரத்தில் எழுபது அடி தள்ளி அடித்த முளையிலும் பாவைக் கட்டுகிறார்கள். அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு லாரி ஒதுங்கியபோது கண்ணாடியில் மாட்டிச் சுமதி வீட்டுப் பாவில் கால்வாசி இழைகள் அறுந்துவிட்டன. சுமதியும் அவர் கணவர் ஏகாம்பரமும் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி முடிந்திருக்கிறார்கள். அது ஒரு கல்யாண ஆர்டர். பாவு கொடுத்த முதலாளி, இதுவும் கெட்டால் அடுத்த பாவை வேறு தறிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அதே ரோட்டில் அதே பாவை விரிக்க வேண்டும்.

"யாரோ மெட்ராஸ் பொம்பளயாம் மேடம். நாங்க கல்லு நட்டு எடத்த வளைச்சுகினோம்னு நெட்டுல எழுதிட்டாங்க. அது எங்க யாரு கிட்டயும் வந்து ஒரு வார்த்த கேக்கல. அதால எவ்ளோ பேஜார் பாருங்க."

நான்தான் அது என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மேலே யார்? யாரும் இல்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை விடவில்லை.

என் தொழிலில் ஒரு அடிப்படைச் சொல் உண்டு, இருப்பு நிலப் பயன்பாடு. ஒரு நிலம் இனி எதற்கு என்று திட்டம் போடுவதற்கு முன், இப்போது அது எதற்குப் பயன்படுகிறது என்று நேரில் போய்ப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரே வேளையில் பார்த்துவிட்டு வராதே என்று வேலைக்குச் சேர்கிற புதுப்பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். காலையில் சந்தை, மதியம் காலி, மாலையில் கிரிக்கெட் என்று ஒரே மைதானம் மூன்று விதமாக இருக்கும் என்று உதாரணம் வேறு சொல்வேன். சம்பளம் வாங்குகிற நாளில் பின்பற்றுகிற விதியை லீவு நாளில் விட்டுவிட்டேன். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன், யாரையும் கேட்கவில்லை. நாலு படம் எடுத்தேன்.

விழா சரியாக நாலரைக்குத் தொடங்கியது. ஷாமியானா, நாற்பது ஐம்பது நாற்காலி, மைக். ஜெயராமன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெல்லிய குரல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இந்தக் கதையில் வில்லன் வேண்டுமென்று தேடுகிறவர்களுக்கு அவர் உதவமாட்டார். மனைவிக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, தினம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், நடக்க ரோட்டை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த அம்மா புது நடைபாதையில் கோலை ஊன்றி மெதுவாக ஒரு சுற்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது முகத்தில் இருந்த நிம்மதியையும் நான் பார்த்தேன். அதையும் பார்த்த பிறகு எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

விழாவுக்கு முன்பே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கல் எதற்கு என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். விடியற்காலையில் கூட்டம், பேச்சுச் சத்தம், கஞ்சித் தண்ணீர் தேங்கிக் கொசு. சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை, அவர்களுக்கும் வேறு வழியில்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க. நான் மனு மேல மனு குடுத்துகினு இருந்தேன், ஒருத்தரும் கண்டுக்கல. உங்க கட்டுரைல ஆக்கிரமிப்புன்னு ஒரு வார்த்த இருந்தது பாருங்க, அதான் வேலை செஞ்சது."

ரிப்பன் வெட்டினேன். ஜெயராமன் எனக்குச் சால்வை போர்த்தினார். ஆரஞ்சும் சிவப்பும் கலந்து, சரிகைக் கரையோடு தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கிற சால்வை. எல்லோரும் கைதட்டினார்கள். மைக்கில் என் பெயரைச் சொல்லி, அந்தக் கட்டுரையை எழுதியவர் இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுமதியும் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்புக் காகிதத்தைப் பார்த்தேன்.

ஆறு சொற்களையும் சொன்னேன். சிரிப்பு வர வேண்டிய இடங்களில் சிரிப்பு வந்தது. பக்கத் திறவிடம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் குழம்பு வாசனை வரலாம், கரண்டி வரக்கூடாது என்கிற தூரம் என்று சொன்னதற்குப் பெரிய கைதட்டல். வரன்முறை என்றால் முதலில் தப்புச் செய்துவிட்டுப் பிறகு காசு கட்டி அதைச் சரி என்று எழுதி வாங்குவது என்றபோது ஊராட்சித் தலைவரே சிரித்தார். கடைசியில் குறிப்பில் இல்லாத ஏழாவது சொல்லாக இருப்பு நிலப் பயன்பாட்டைச் சொன்னேன். இந்த இடத்தில் ஏற்கெனவே காலை வேளையில் ஒரு பயன்பாடு இருந்திருக்கிறது, நான் அதை விசாரிக்காமல் எழுதிவிட்டேன், தினமும் இரண்டரை மணி நேரம் கேட்டைத் திறந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லி முடித்தேன். தைரியமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். முனகினேன். மைக் இருந்ததால் கேட்டது.

ஜெயராமன் எழுந்து, சிரித்த முகத்தோடு, மேடம் பெருந்தன்மையாகப் பேசுகிறார், ஆனால் சட்டத்தை நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான் என்று கேட்டின் பக்கம் கையைக் காட்டி என் வாக்கியத்தை வாசித்தார். வேறு எதற்காக இதில் கால் வைத்தாலும் அது ஆக்கிரமிப்பே. அந்த ஏகாரத்தை அழுத்தி வாசித்தார். கைதட்டல் அடங்க நேரமானது. நான் உட்கார்ந்துவிட்டேன். நானே போட்ட பூட்டு, சாவி என்னிடம் இல்லை.

ஊராட்சித் தலைவர் போகிறபோது, எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் வைக்கிறோம், தீர்மானம் போட முடியுமா என்று பார்க்கலாம், ஆனால் பூங்காவென்று தானமாக வந்த இடம், மேலே கேட்க வேண்டும் என்றார். நான் எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிற அதே பதில், வார்த்தை மாறாமல்.

போண்டாவும் காப்பியும் கொடுத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தபோது யாரும் இல்லை. அவர்கள் வீட்டு வரிசை நூறு அடியில் இருந்தது. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சால்வையை மடித்து ஹேண்ட்பேக்கில் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். திரும்பி வரும் வழியில் அக்பர், நீங்கள்தான் எழுதினீர்கள் என்று எனக்கு முன்பே தெரியும் என்றார். காலைல வாங்கன்னு நான் சொன்னேங்க, என்று மட்டும் முடித்துக்கொண்டார்.

மறுநாள் தேவிகாபுரம் கோயிலுக்குப் போவதாகத் திட்டம் போட்டிருந்தேன். ஆரணியிலிருந்து பஸ் உண்டு. போகவில்லை, ஆகவே கோயிலைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். விடிவதற்குள் எழுந்து அக்பரைக் கூப்பிட்டேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

களம்பூர் ரோட்டில் புளியமரத்துக்குக் கீழே அவர்கள் ஏற்கெனவே பாவை விரித்திருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு, ரோட்டின் ஓரக்கோட்டை ஒட்டி ஒரே நேராக ஓடியது. அந்தக் கோடியில் ஏகாம்பரம், நடுவில் அவர் தம்பியும் இரண்டு பெண்களும் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியில் சுமதி. கிட்டே போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. கை இழையிலேயே இருந்தது.

"நீங்கதான் அதுன்னு நேத்து நான் கேக்கும்போதே சொல்லியிருக்கலாம் மேடம். உங்க கிட்டயே உங்களத் திட்டிகினு இருந்துட்டு, கும்பிட்டுட்டு வேற வந்தேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். வெளியே வந்ததும் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. தெற்கே ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. எல்லோரும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாவைக் கையால் அணைத்துப் பிடித்தார்கள். லாரி போன காற்றில் மொத்தப் பட்டும் நடுங்கி அடங்கியது. ஒரு இழைகூட அறுந்துபோகவில்லை என்று ஏகாம்பரம் அங்கிருந்து கத்தினார்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். சுமதி முதல்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு என் ஹேண்ட்பேக்கைப் பார்த்தார். சால்வையின் ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"அந்தச் சால்வைய எடுத்துகினு அந்த வளைவாண்ட போய் நில்லுங்க. செவப்பா இருக்குது, தூரத்துல வர்ற வண்டிக்குத் தெரியும். ஜல்தி போங்க, அடுத்த லாரி வருது."

போய் நின்றேன். எனக்குப் போர்த்திய மரியாதையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வருகிற லாரிகளுக்குக் காட்டினேன். சிலர் வேகத்தைக் குறைத்துத் தள்ளிப் போனார்கள். நெல் மூட்டை ஏற்றிய ஒரு லாரியின் டிரைவர் மட்டும் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, ரோடு இன்னா உங்க வூட்டு சொத்தா?"

நான் பல பத்திகளில் நீட்டி எழுதியதை அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சட்டப்படி சரிதான். சால்வையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை மறுபக்கமாக ஒதுக்கி ஓட்டினார்.

எட்டு மணிக்குள் பாவு முழுதாக உருளையில் ஏறிவிட்டது. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சால்வையைச் சுமதியிடம் கொடுத்தேன். கொடியாக வைத்துக்கொள்ளலாம் என்று வாங்கிப் புளியமரத்துக் கிளையில் கட்டிவிட்டார். காலையில் கேட்டைத் திறக்கச் சொல்லி ஊராட்சிக்கு மனு எழுதுகிறேன், உங்கள் எல்லோர் கையெழுத்தும் வேண்டும் என்றேன். "எழுதுங்க. இந்தத் தடவ எங்க கிட்டக் காட்டிட்டுக் குடுங்க," என்றார்.

மனுவை எழுதி, அக்பரின் போன் வழியாக அவர்களுக்கு வாசித்துக் காட்டி, இரண்டு இடத்தில் அவர்கள் சொன்னபடி திருத்தி, கையெழுத்தோடு ஊராட்சிக்கு அனுப்பியாகிவிட்டது. காலையில் பாவு, மற்ற நேரம் பூங்கா, கஞ்சித் தண்ணீர் போக ஒரு சின்ன வாய்க்கால். ஜெயராமனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். யோசிக்கிறேன் என்று பதில் போட்டார். ஊராட்சியிலிருந்து இன்னும் பதில் இல்லை. பலகை அப்படியேதான் இருக்கிறது. பழைய பதிவை நீக்கச் சொல்லி உங்களில் சிலர் எழுதக்கூடும். நீக்கினால் என் முகம் மட்டும்தான் தப்பிக்கும். அதன் தலையில் இந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: புடவைக் கடைகள் காலை பத்துக்குத்தான் திறக்கும். சனிக்கிழமை கூட்டம். லாட்ஜில் வெந்நீர் ஏழு மணிக்கு நின்றுவிடும். திரும்பி வர ஆரணியிலிருந்து வேலூர் பஸ் எப்போதும் கிடைக்கும், அவசரப்பட வேண்டாம். பாவு போடுவதைப் படம் எடுக்கப் போகாதீர்கள். அவர்களுக்குப் பேச நேரமில்லை, கையில் கல்யாண ஆர்டர் இருக்கிறது. மனை பார்க்கப் போகிறவர்கள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போங்கள், பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள்.

விடியற்காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு களம்பூர் ரோட்டில் போனால், ஆரணியிலிருந்து மூன்றாவது கிலோமீட்டரில், புளியமரத்தில் ஒரு ஆரஞ்சுச் சால்வை தெரியும். அங்கே வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் ஒதுங்கிப் போங்கள். மதியத்துக்கு மேல் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. மதியம் இரண்டு மணிக்கு நான் அந்த நிலத்தைப் பார்த்தபோது இருந்த மாதிரிதான் இருக்கும்.